மரக்குற்றியில் ஒரு புளூநோஸ்

கனடாவுக்கு வந்த பலரையும் போல எனக்கும் புளூநோஸ் முதலில் சில்லறைக் காசாகத்தான் அறிமுகம். அன்றைய பத்துச் சத நாணயத்தின் ஒரு பக்கம் அரசியின் முகம். மறுபக்கம் பாய் விரித்துச் சரிந்தோடும் இரட்டைப் பாய்மர ஸ்கூனர். 1937இல் எமானுவேல் ஹான் என்ற சிற்பி வடித்த உரு அது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில் தேநீர் இயந்திரத்துக்குள் அந்தக் காசுகளை எத்தனை முறை தள்ளியிருப்பேனோ. காசில் இருப்பது கற்பனைக் கப்பல் அல்ல, அட்லாண்டிக்கில் கொட் மீன் பிடித்து உழைத்த கப்பல் என்று அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அறிந்த நாளிலிருந்து அதை என் கையால் செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

அந்த ஆசைக்கு வேர் ஊரில் இருந்தது. நாங்கள் வல்வெட்டித்துறை ஆட்கள். நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் ஓடிய பாய்க்கப்பல்கள் எங்கள் கரையிலேயே கட்டப்பட்டவை. நான் பிறந்து வளர்ந்தபோது அந்தத் தொழில் ஓய்ந்திருந்தது. ஆனால் என் பெரியப்பா அதன் கடைசிக் காலத்தைக் கண்ணால் கண்டவர். சிறுவனாகக் கரையில் நின்று, கப்பல் கட்டும் தச்சர்களான ஓடாவிமாருக்கு உளியும் நூலும் எடுத்துக் கொடுத்தவர். முதுமையில் எங்களிடம் வந்து சேர்ந்து, ரொறன்ரோ வீட்டில் எங்களோடு இருந்தார். நான் நிலவறையில் முதல் மரக்குற்றியை மேசையில் வைத்தபோது, கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பனிக்காலம் முழுவதும் அந்தக் கதிரை அங்கேயே இருந்தது.

மாதிரிக் கப்பல் செய்ய முனைகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏரா என்ற அடிமரத்தின் மேல் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மீது மெல்லிய பலகைக் கீற்றுகளை ஒட்டிக்கொண்டு போவது ஒன்று. இன்று கடைகளில் பெட்டியில் விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த வகைதான். மற்றது, முழு மரக்குற்றியை எடுத்து, வேண்டாத மரத்தைக் களைந்து கப்பலின் உடலைச் செதுக்குவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். சட்டத்தின்மேல் பலகை ஒட்டும்போது வளைவைச் சட்டமே முடிவு செய்துவிடும். குற்றியில் ஒவ்வொரு வளைவையும் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கப்பல் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைக் கற்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மரம் வெள்ளை பைன். ஒன்ராறியோ மாகாணத்தின் மரமும் அதுதான். பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களின் பாய்மரங்களுக்காக வட அமெரிக்கக் காடுகளில் தேடித் தேடி வெட்டியது இந்த மரத்தைத்தான். நேரான நார், மென்மையான உடல், கூரான உளிக்கு எதிர்ப்பில்லாமல் வழிவிடும் குணம். முதல் கப்பலுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே தடிப்பான குற்றி காலப்போக்கில் முறுகவும் வெடிக்கவும் கூடும் என்பதால் இரண்டு பலகைகளை, நார் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும்படி, செங்குத்தாகச் சேர்த்து ஒட்டினேன். அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒட்டிய இடமே கப்பலின் நடுக்கோடாகிவிடுகிறது. எவ்வளவு செதுக்கினாலும் அந்தக் கோடு அழியாது. இடமும் வலமும் சமமாக வருகின்றனவா என்று எந்த நேரமும் அதிலிருந்து அளந்து பார்க்கலாம்.

வரைபடத்தில் ஒரு அடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது 96இல் ஒன்று. புளூநோஸின் முழு நீளம் 143 அடி, அகலம் 27 அடி. என் மேசையில் அது ஏறக்குறைய 18 அங்குல நீளமும் மூன்றேகால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டிய அகலமும் கொண்டது. நீர்க்கோட்டில் 112 அடி என்பது சரியாக 14 அங்குலமாகிறது. கப்பலின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீரைத் தொடாமல் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த 18க்கும் 14க்கும் இடையிலான வேறுபாட்டில்தான் முதன்முதலாக உணர்ந்தேன். கப்பல் காற்றில் சரியும்போது அந்த நீட்டங்களும் நீரில் படிகின்றன, நீர்க்கோடு நீள்கிறது, நீண்ட நீர்க்கோடு கூடுதல் வேகத்தைத் தாங்கும். எண்ணாக வாசித்தபோது பிடிபடாதது, பென்சிலால் குற்றியில் கோடு இழுத்தபோது விளங்கியது.

முதலில் குற்றியின் ஆறு முகங்களையும் மூலைமட்டம் வைத்துச் சதுரப்படுத்த வேண்டும். நடுக்கோட்டைச் சுற்றிவரக் கீற வேண்டும். வரைபடத்திலுள்ள குறுக்குவெட்டு நிலைகள் ஒவ்வொன்றையும் குற்றியின் நான்கு பக்கமும் சுற்றிவரக் குறிக்க வேண்டும். பிறகு பக்கத்தோற்றத்தைப் படியெடுத்து வாளால் வெட்ட வேண்டும். வெட்டி விழுந்த துண்டுகளை எறியாமல் மறுபடியும் பழைய இடத்தில் ஒட்டுநாடாவால் கட்டினால், மேல்தோற்றத்தை வெட்டும்போது குற்றி ஆடாமல் நிற்கும். இரண்டு வெட்டும் முடிந்ததும் நாடாவை அவிழ்த்தால் பக்கத்திலிருந்து பார்க்கக் கப்பல், மேலிருந்து பார்க்கக் கப்பல். முன்னாலிருந்து பார்த்தால் மட்டும் இன்னமும் சதுரம். உளியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு அச்சு அட்டைகள் வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு நிலைக்கும் கப்பலின் பாதி உடல் ஒரு வளைகோடாக வரையப்பட்டிருக்கும். அந்த வளைவைத் தடித்த அட்டையில் வெட்டியெடுத்து, அந்தந்த இடத்தில் மரத்தோடு பொருத்திப் பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். அட்டையின் விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து வைத்தால், மரம் மிகுந்த இடத்தில் கரி ஒட்டும். கரி பட்டதைச் சீவ வேண்டும். அட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தபோதுதான் பெரியப்பா கேட்டார்.

“என்ன தம்பி, கப்பலைத் துண்டு துண்டாய் வெட்டிக் கீறி வைச்சிருக்கிறாய்?”

“அந்தந்த இடத்திலை உடம்பு எப்பிடி இருக்க வேணுமெண்டு இது காட்டும் பெரியப்பா. இதை வைச்சுத்தான் செதுக்கிறது.”

“சரி. இதுக்கும் இதுக்கும் இடையிலை இருக்கிற மரத்துக்கு ஆர் சொல்லுறது?”

மாதிரிக் கப்பற்கலையின் மையக் கேள்வியை அவர் அவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டார். அச்சு அட்டை சொல்வது சில இடங்களை மட்டுந்தான். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் ஓர் அங்குலத்துக்கு மேல் மரம் இருக்கிறது. அங்கே மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் அட்டைகள் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்திவிடும். ஆனால் தண்ணீர் அந்தத் தவறைக் கண்டுகொள்ளும். கப்பலின் உடல் முழுவதும் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். எந்த வளைவும் அடுத்த வளைவை முறிக்கக் கூடாது. அதை எந்த அட்டையிலும் வெட்டி வைக்க முடியாது.

“கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலையிருந்து கடையார் மட்டும் ஒரே தடவலாய்த் தடவு. எங்கை விரல் நிக்குதோ, அங்கை வேலை கிடக்கு” என்றார் பெரியப்பா. அணியம் கப்பலின் முன்முனை, கடையார் பின்முனை. தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் விரலில் தட்டியது. அவருடைய விரல்களும் அதே இடத்தில் வந்து நின்றன. அன்றிலிருந்து வேலை முறை மாறியது. அட்டை பார்ப்பது, சீவுவது, தடவுவது. வலப்பக்கம் ஒரு சீவல் என்றால் இடப்பக்கமும் ஒரு சீவல். வளையக்கூடிய மெல்லிய மரச்சலாகை ஒன்றை உடலோடு சேர்த்து நீளவாட்டில் வளைத்துப் பிடித்து, பின்னால் மேசை விளக்கை வைத்தால், வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். கையும் விளக்கும் ஒரே விடையைச் சொல்லும்வரை அடுத்த நிலைக்குப் போவதில்லை.

மரத்தின் நாருக்கும் கப்பலின் வடிவத்துக்கும் உள்ள உறவு செதுக்கும்போது நன்றாகத் தெரிந்தது. நடுவிலிருந்து முனைகளை நோக்கிச் சீவினால் உளி வழுக்கிக்கொண்டு போகிறது. சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. முனையிலிருந்து நடுவை நோக்கிச் சீவினால் நார் கிளம்பிப் பிளக்கிறது. அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்குப் போ என்று மரமே வழி சொல்கிறது. வெளிப்புற வளைவுகளுக்குச் சீவுளியும் தட்டை உளியும் போதும். அடிப்பகுதி உட்குழிந்து ஏராவை நோக்கி இறங்கும் இடத்தில் மட்டும் நகவுளி வேண்டும். அந்த உட்குழிவு இல்லாவிட்டால் புளூநோஸ் வெறும் சரக்குப் படகாகியிருக்கும்.

அணியத்தைச் செதுக்கிய நாட்களில் அந்தக் கப்பலை வரைந்த வில்லியம் ரூவேயை நிறைய நினைத்துக்கொண்டேன். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹலிஃபாக்ஸ் நகரத்துக்காரர். குடும்பத் தொழில் குளிர்பானம் தயாரிப்பது. படகு வரைவது அவர் தானாகக் கற்றுக்கொண்ட கலை. அவருடைய 17ஆவது வடிவமைப்பு இது. லூனன்பேர்க் ஊரின் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறையில் கட்டப்பட்டு 1921 மார்ச் 26இல் கடலில் இறங்கியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸின் குளொஸ்டரிலிருந்து வந்த எல்சியை வென்று சர்வதேச மீனவர் கோப்பையைக் கைப்பற்றியது. பந்தயத்தில் ஓடுவது உண்மையாகவே மீன் பிடிக்கும் கப்பலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ரூவே ஒரே உடலில் இரண்டு கப்பல்களை வரைய வேண்டியிருந்தது. உப்பும் மீனும் ஏற்றும் வயிறும் வேண்டும். காற்றை வெட்டி முன்னேறும் ஒல்லியும் வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும்போதே மாலுமிகள் தங்கும் முன்னறையில் தலை இடிக்காதிருக்க அணியத்தை 18 அங்குலம் உயர்த்தினார்கள் என்பது அந்தக் கப்பலின் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. என் அளவில் அது அங்குலத்தில் பதினாறில் மூன்று. அவ்வளவு சிறிய உயர்வில் கப்பலின் முகமே மாறிவிடுவதை என் மேசையிலேயே கண்டேன். அணியம் உயர்ந்ததும், நடுவில் தாழ்ந்து பின்னால் மெல்ல ஏறும் மேல்விளிம்பின் கோடு முழுவதும் துடிப்புப் பெற்றது.

பின்பகுதிதான் மிகக் கடினம். பின்னால் நீண்டு ஒடுங்கி ஏறும் அந்த அடிப்புறத்தில் பக்கவாட்டு வளைவும் மேலேறும் வளைவும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அங்கே நாரின் முகப்பு வெட்டு வந்துவிடுவதால், எவ்வளவு தீட்டினாலும் உளி போதவில்லை என்றே தோன்றும். ஒவ்வொரு சீவலுக்கு முன்னும் கல்லில் இழுத்துக்கொண்டேன். பெரியப்பா அந்த நாட்களில் பேசவே இல்லை. உளியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கரகரத்தால் கையை நீட்டுவார், உளியைக் கொடுப்பேன், தீட்டித் திருப்பித் தருவார்.

அவர் சொல்லித்தான் எங்கள் ஊர் ஓடாவிமார் வேலை செய்த விதம் எனக்குத் தெரியும். கடதாசியில் கீறிப் பார்த்துக் கட்டியதை அவர் கண்டதில்லை. ஏராவைக் கிடத்தி, முன்னும் பின்னும் தூண் நிறுத்தி, வங்கு என்ற குறுக்குச் சட்டங்களில் நடுவங்கை வைத்துவிட்டு, மற்ற வங்குகளின் வளைவைக் கண்ணாலும் நூலாலும் தீர்மானித்தார்களாம். தலைமை ஓடாவி தூரத்தில் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாராம். அதைக் கேட்டபோது அட்லாண்டிக்கின் மேற்குக் கரை நினைவுக்கு வந்தது. நியூ இங்கிலாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் கப்பலை வரைவதற்கு முன் செதுக்குவதுதான் நீண்ட கால வழக்கம். கப்பலின் ஒரு பக்கப் பாதியை மட்டும் சிறு அளவில் மரத்தில் செதுக்கி, கையால் தடவித் திருத்தி, சரி என்று மனம் சொன்ன பிறகே அதிலிருந்து அளவெடுத்துப் பெருப்பித்துக் கட்டுவார்கள். பலகைகளை அடுக்கி முளை அடித்து அந்தப் பாதி உருவைச் செய்தால் பிறகு கழற்றி ஒவ்வொரு அடுக்கையும் எளிதாக அளக்கலாம். இந்த முறையை 1794இல் மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டில் செய்துகாட்டியவர் ஓர்லாண்டோ மெரில் என்ற கப்பற்தச்சர் என்பார்கள். அலங்காரத்துக்கென்று நாம் செதுக்கும் மரக்குற்றி அவர்களுக்குக் கணிதமாக இருந்தது. முதல் கப்பலைக் குற்றியில் செதுக்குகிறவர் ஒரு பொழுதுபோக்கின் பாலபாடத்தைப் படிக்கவில்லை; கப்பல் வடிவமைத்தவர்களின் பழைய தொழிலையே செய்கிறார்.

அங்கேதான் எனக்கு ஒன்று தெளிந்தது. கப்பலைக் கட்டுகிறவர் அதை உள்ளிருந்து அறிகிறார்: வங்கு, பலகை, ஆணி, பூட்டு. குற்றியைச் செதுக்குகிறவருக்கு உள்ளே எதுவும் இல்லை. வெளிப்பரப்பு மட்டுமே இருக்கிறது. தண்ணீருக்கும் அப்படித்தான். எத்தனை வங்கு, எந்த மரம் என்று அது கேட்பதில்லை. வடிவத்தை மட்டும் தொட்டு அறிகிறது. கண்ணை மூடி அணியத்திலிருந்து கடையார்வரை கையை ஓட்டும்போது, கடல் போகும் வழியிலேயே நம் விரலும் போகிறது. இடையிலுள்ள மரத்துக்கு யார் சொல்வது என்று பெரியப்பா கேட்டதற்கு இதுதான் விடை. தண்ணீர் சொல்கிறது. அதற்குப் பதிலாக விரல் கேட்டுச் சொல்கிறது.

அந்த வடிவத்தில்தான் மனித உயிரும் தங்கியிருந்தது. 1926இல் சேபிள் தீவருகே புயலில் சிக்கிய புளூநோஸ், கரையை நோக்கித் தள்ளும் காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல ஆழ்கடலுக்கு மீண்டது. சுக்கான் சில்லைப் பிடித்திருந்தவர் தலைவர் அங்கஸ் வால்டர்ஸ். அவருடைய திறமையோடு, நீருக்குள் ஏறக்குறைய 16 அடி இறங்கி நின்று பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொண்ட அந்த உடலும் சேர்ந்தே காப்பாற்றியது. 1926, 1927 ஆகஸ்ட் மாதப் புயல்களில் லூனன்பேர்க்கின் வேறு ஸ்கூனர்கள் ஆட்களோடு மூழ்கின. அந்த ஊருக்குப் போனபோது துறைமுகத்தருகே திசைகாட்டி வடிவில் நிறுத்திய கருங்கல் தூண்களில் அவர்களுடைய பெயர்களை வாசித்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கைவிடப்பட்டு மிதந்த 155 தமிழரைக் கண்டு காப்பாற்ற முன்வந்தவர்களும் கொட் மீன் பிடித்த அந்த மரபின் மீனவர்கள்தான். அவர்களுடைய கப்பலை என் கையால் செய்ய நான் ஆசைப்பட்டதில் நன்றியும் கலந்திருந்தது.

உடலைச் செதுக்கி முடித்ததும் அடியில் நடுக்கோட்டின் வழியே தட்டையாக ஒரு வரி சீவி, ஏராவையும் முன்தூணையும் பின்தூணையும் தனி மரத்தில் வெட்டி ஒட்டினேன். மேல்தளத்துக்கு நடுவில் மேடும் ஓரங்களில் தாழ்வுமாக மெல்லிய வளைவு கொடுத்தேன். கடல்நீர் தளத்தில் தேங்காமல் வழிய அந்த வளைவு வேண்டும். சாண்ட் பேப்பரை விரலில் பிடிக்காமல் வளையும் சலாகையில் ஒட்டித் தேய்த்தால் பள்ளம் விழாது. முதல் பூச்சு சாம்பல் நிறம். நிறம் ஒன்றானதும் மரத்தின் ரேகைகள் மறைக்கும் சிறு மேடுபள்ளங்கள் எல்லாம் வெளியே வரும். நிரப்பித் தேய்த்து மீண்டும் பூச வேண்டும். கடைசியாக மேலே கறுப்பு, நீர்க்கோட்டில் வெள்ளைக் கீற்று, கீழே சிவப்பு. பெரியப்பா அதை மடியில் வைத்து ஒரு முறை முழுவதும் தடவினார். “ஓடும்” என்றார். அவர் வாயிலிருந்து ஒரு கப்பலுக்குக் கிடைக்கக்கூடிய முழுப் பாராட்டு அது.

பிறகுதான் அன்னபூரணி அம்மாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டப்பட்ட 89 அடிப் பாய்க்கப்பல். உலகைச் சிறு படகில் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் அதன் அழகில் மயங்கி வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937இல் எங்கள் ஊர் மாலுமிகளோடு புறப்பட்டு, செங்கடலும் சூயெஸும் மத்தியதரைக் கடலும் கடந்து, 1938 ஆகஸ்டில் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அது கரையை விட்டுப் போனதைப் பார்த்து நின்ற சிறுவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அதே 1938இன் ஒக்டோபரில் குளொஸ்டருக்கும் பொஸ்டனுக்கும் வெளியே கேட்ரூட் திபோ என்ற ஸ்கூனரோடு புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத்தை ஓடி மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. கடதாசி இல்லாமல் கண்ணாலும் நூலாலும் கட்டிய எங்கள் கப்பலும், ரூவே கோடு கோடாக வரைந்த கப்பலும் ஒரே ஆண்டில் ஒரே கடலோரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் கட்டியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆசான்.

புளூநோஸ் 1946இல் ஹெய்ட்டிக்கு அருகே பவளப்பாறையில் மோதி அழிந்தது. கனடா அதை மறக்கவில்லை. வரைபடம் இருந்தது, 1963இல் அதே பட்டறை இரண்டாவது புளூநோஸைக் கட்டி மிதக்கவிட்டது. எங்கள் கப்பல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் வரைபடம் ஓடாவிமாரின் விரல்களில் இருந்தது, விரல்களோடு போய்க்கொண்டிருக்கிறது. பெரியப்பாவும் இப்போது இல்லை.

ஆகவே என் அடுத்த குற்றி அன்னபூரணிக்கு. புளூநோஸின் அதே அளவில் அது பதினொரு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். என்னிடம் கோட்டுப்படம் இல்லை. பழைய புகைப்படங்களும், பெரியப்பா காற்றில் கையால் வளைத்துக் காட்டிய வயிறும் அணியமும் இருக்கின்றன. பாதிக் கப்பலை முதலில் செதுக்கி, ஊரில் இன்னும் இருக்கிற முதியவர்களின் கையில் கொடுத்துத் தடவச் சொல்லப் போகிறேன். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு அதிலிருந்து அளவெடுத்துக் கோட்டுப்படம் வரைந்து பொதுவில் வைப்பேன். வல்வெட்டித்துறையிலோ தூத்துக்குடியிலோ நாகையிலோ வீட்டுப் பரணில் பழைய கப்பல் படம் வைத்திருப்பவர்கள், கரையில் கிடக்கும் பழைய தோணியைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள், அவற்றை இப்போதே அளந்து வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு மென்மரக் குற்றியும் தீட்டிய உளியும் கொடுத்து, முதல் கோட்டை நடுவில் கீறச் சொல்லுங்கள். மற்றதை மரம் சொல்லிக்கொடுக்கும்.